ஃபுக்ஸ் பார்க்காத ஃபுக்சியாவும் அவர் பெயரிட்ட செடிகளும்

கேள்வி, ஜனவரி 9

ஊட்டியிலிருந்து ஃபுக்சியா தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதைக் கண்டுபிடித்துத் தன் பெயரையே வைத்தவர் ஃபுக்ஸ் என்னும் ஜெர்மன் மருத்துவர் என்று நாற்றுக்கடையில் சொன்னார்கள். அது உண்மையா? அவர் வேறு எந்தச் செடிகளுக்குப் பெயர் வைத்தார்?

ஜனவரி 9, இரவு

உண்மையில்லை. லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் தம் வாழ்நாளில் ஒரு ஃபுக்சியாவைக்கூடப் பார்த்ததில்லை. அவர் 1501-இல் பவேரியாவின் வெம்டிங் என்ற சிற்றூரில் பிறந்து, 1566-இல் ட்யூபிங்கனில் இறந்தவர். அவர் இறந்து ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழிந்த பிறகு, 1690-களின் பிற்பகுதியில், கரீபியக் கடலின் இஸ்பானியோலா தீவில் அந்தச் செடியைக் கண்டவர் சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. அதற்கு ஃபுக்ஸின் நினைவாகப் பெயரிட்டவர் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர்.

அவர் தாமே வைத்த பெயர் என்றால் முதலில் சொல்ல வேண்டியது டிஜிடாலிஸ். ஆங்கிலத்தில் அதை நரியின் கையுறை என்ற பொருளில் ஃபாக்ஸ்குளோவ் என்பார்கள். ஃபுக்ஸ் என்றால் ஜெர்மனில் நரி என்பதால் அந்த ஆங்கிலப் பெயரும் அவரிடமிருந்தே வந்தது.

ஜனவரி 10, காலை

நேற்று இரவு எழுதியதில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, ஃபுக்சியா என்று பெயர் வைத்தவர் ப்ளூமியேதான். தாம் கண்ட அமெரிக்கச் செடிகளைப் பற்றி 1703-இல் வெளியிட்ட நூலில் அவர் அந்தப் பெயரை அச்சேற்றினார். லின்னேயஸ் அதை ஏற்றுக்கொண்டு 1753-இல் தம் நூலில் சேர்த்தார். இன்றைய தாவரவியல் விதிகள் அந்த 1753-ஐயே தொடக்கமாகக் கொள்வதால், அதற்கு முன் யார் என்ன பெயர் வைத்திருந்தாலும் பெயருக்குப் பின்னால் லின்னேயஸைக் குறிக்கும் "எல்." என்ற ஓரெழுத்தே பெரும்பாலும் நிற்கிறது. தவறு நேர்ந்தது அந்த எழுத்தை நம்பியதால்.

இரண்டாவது பிழைக்கு அந்தச் சாக்குகூட இல்லை. நரிக்கும் ஃபுக்ஸுக்கும் முடிச்சுப் போட்ட கதை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் கேட்டது. கேட்பதற்கு அழகாக இருந்ததால் சரிபார்க்கத் தோன்றவில்லை. நரியின் கையுறை என்ற பெயர் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஃபுக்ஸ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. இரண்டு நரிகளும் தற்செயலாக ஒரே செடியடியில் சந்தித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஜனவரி 12

டிஜிடாலிஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஃபுக்ஸின் காலத்து மருத்துவருக்கு மூலிகை அறிவு என்பது கிரேக்கரான டயோஸ்கோரிடஸும் ரோமானியரான ப்ளினியும் எழுதி வைத்ததை ஓதுவதுதான். ஒரு செடிக்கு அவர்கள் நூலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அதற்கு அவர்கள் சொன்ன குணத்தை ஏற்பார்கள். மத்தியதரைக் கடற்கரையில் வாழ்ந்த டயோஸ்கோரிடஸுக்கு ஜெர்மன் காடுகளில் என்ன வளர்கிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே தம் ஊர்ச் செடி ஒவ்வொன்றையும் இழுத்து வந்து ஏதாவதொரு கிரேக்கப் பெயருக்குள் அடைப்பது அன்றைய அறிஞர்களின் பெரும்பொழுதைத் தின்ற வேலை. ஃபுக்ஸும் அதைச் செய்தவர்தான். அரபு மருத்துவ நூல்களை நம்பியதால் மருத்துவர்கள் செய்யும் தவறுகள் என்று அறுபதைப் பட்டியலிட்டு 1530-இல் ஒரு நூல் வெளியிட்ட அளவுக்கு அவர் கிரேக்கர்களின் பக்தர்.

அப்படிப்பட்டவர், 1542-இல் பாசெல் நகரில் மைக்கேல் இசிங்ரின் அச்சிட்ட தம் பெருநூலான தே ஹிஸ்டோரியா ஸ்டிர்பியத்தில், மணி மணியாகத் தொங்கும் ஊதா மலர்களை உடைய ஒரு காட்டுச் செடிக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். தமக்குத் தெரிந்தவரை இதற்குக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பெயரில்லை என்கிறார். ஜெர்மன் மக்கள் அதை ஃபிங்கர்ஹூட் என்று அழைத்தார்கள். தையற்காரர் ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தானுக்கு அந்த மொழியில் அதுதான் பெயர். இலத்தீனில் டிஜிட்டஸ் என்றால் விரல். அதைக் கொண்டு டிஜிடாலிஸ் என்று ஒரு சொல்லை அமைத்து, நாமோ பிறரோ இதைவிட நல்ல பெயரைக் கண்டுபிடிக்கும்வரை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இதையே வழங்க வேண்டியதுதான் என்ற கருத்தில் எழுதி வைத்தார்.

தற்காலிகமாக வைத்த பெயர் 480 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஊதாப்பூச் செடியை டிஜிடாலிஸ் பர்ப்பூரியா என்றும் மஞ்சள்பூச் செடியை டிஜிடாலிஸ் லூட்டியா என்றும் அவரே பிரித்தார். இரண்டும் அப்படியே இன்றைய அறிவியல் பெயர்களாக நிற்கின்றன. எழுதியவர் ஃபுக்ஸ், ஓரெழுத்து முத்திரை லின்னேயஸுக்கு.

எனக்கு இந்தச் சொல் வேறு வழியாக அறிமுகமானது. என் தாயார் கடைசி ஏழு ஆண்டுகளும் தினமும் டிஜிடாலிஸ் இனத்திலிருந்து வரும் இதய மருந்தான டிஜாக்சின் மாத்திரை கால் மில்லிகிராமில் பாதி சாப்பிட்டார். மாத்திரை மிகச் சிறியது என்பதால் அதை உடைப்பது என் பொறுப்பு. தாவரவியல் படித்தவனாக இருந்தும் அந்தப் பெயரின் முன்பாதியில் ஒரு விரல் இருப்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. என் விரல்நுனியில் அரைத்துகள் ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கழுவச் சொன்னது அவர்தான்.

ஜனவரி 13

அப்படியானால் இதய நோய்க்கு இதைக் கொடுக்கலாம் என்று கண்டவரும் ஃபுக்ஸ்தானா என்ற கேள்விக்கு: இல்லை. அந்தப் பெருமை ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங்குக்கு உரியது. ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளைச் சேர்த்து, இதயம் தளர்வதாலும் உடலில் நீர் தேங்கி வீங்கும் நீர்க்கோவை நோய்க்குக் கொடுத்து வந்த குடும்ப மருந்து 1775-இல் அவரிடம் வந்தது. அதில் வேலை செய்வது டிஜிடாலிஸ் ஒன்றே என்று பிரித்தறிந்து, பத்தாண்டுகள் நோயாளிகளிடம் அளவை மாற்றி மாற்றிக் கவனித்து, 1785-இல் நூலாக எழுதினார். அளவு சற்று மிஞ்சினாலும் வாந்தியும் பார்வைக் கோளாறும் வரும், மேலும் மிஞ்சினால் நாடி தளர்ந்து உயிரே போகும் என்பதால் அந்தக் கவனிப்புத்தான் அவர் செய்த உண்மையான பணி. டிஜாக்சின் தனியாகப் பிரிக்கப்பட்டது 1930-இல், அதுவும் டிஜிடாலிஸ் லனாட்டா என்ற உறவுச் செடியிலிருந்து.

வீட்டுத் தோட்டத்தில் இருந்தால் இலையைக் கஷாயம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது.

ஜனவரி 17

இன்று ஃபுக்ஸின் பிறந்த நாள் என்பதை நாட்காட்டி பார்த்த பிறகுதான் கவனித்தேன். எனவே அவருடைய நூலைப் பற்றி.

நூலின் முன்னுரையில் அவர் தம் தொழிலினரையே சாடுகிறார். நூறு மருத்துவரில் ஒருவருக்குக்கூட ஒரு சில செடிகளையேனும் சரியாகத் தெரியாத நிலையில், அரசர்கள் செடிகளைப் பொருட்படுத்தவில்லை என்று வருந்துவதில் என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். அவர் வெறும் நூலறிஞர் அல்லர். 1529-இல் வியர்வைக் காய்ச்சல் என்ற கொள்ளைநோய் ஜெர்மனியில் பரவியபோது அன்ஸ்பாக்கில் பிரபுவின் மருத்துவராக இருந்து பெயர் வாங்கியவர். 1535-இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் வீட்டை ஒட்டியே மூலிகைத் தோட்டம் வைத்தவர்.

நூலின் உயிர் அதன் படங்களில் இருக்கிறது. முழுத்தாள் அளவில் 500-க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். ஆல்பிரெக்ட் மேயர் செடியைப் பார்த்து வரைந்தார். ஹைன்ரிக் ஃப்யூல்மௌரர் அதை மரப்பலகைக்கு மாற்றினார். ஃபைட் ருடோல்ஃப் ஸ்பெக்லே செதுக்கினார். நிழல் தீட்டிக் கலைத்திறம் காட்டப் போய்ச் செடியின் உருவம் மறைந்துவிடக் கூடாது என்று ஃபுக்ஸ் அவர்களைக் கட்டுப்படுத்தினார். அப்படிக் கட்டுப்படுத்தியவரே நூலின் இறுதியில் அம்மூவரின் உருவப்படங்களையும் பெயர்களுடன் வெளியிட்டார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். கைவினைஞர் பெயரே வெளியில் தெரியாத காலம் அது.

ஆனால் முறை மட்டும் பழையது. செடிகள் கிரேக்க அகரவரிசையில் வருகின்றன. முதல் இயல் அப்சிந்தியான் என்ற எட்டிக்கசப்புள்ள மாசிபத்திரி இனம். பூவைப் பார்த்தோ காயைப் பார்த்தோ குடும்பம் பிரிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஜனவரி 18

திருத்தம். "எட்டிக்கசப்பு" என்று நான் உவமையாக எழுதியதைப் படித்து, எட்டிமரமும் அப்சிந்தியானும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றல்ல. செடிப்பெயர் பற்றிய பேச்சில் இன்னொரு செடியை உவமையாக்கியது என் பிழை. ஐந்நூறு ஆண்டு கழித்து யாராவது இந்தப் பக்கத்தை மட்டும் கண்டெடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கச் சிரிப்பு வருகிறது.

ஜனவரி 23

நான் உண்மையில் சொல்ல நினைத்தது மிளகாயைப் பற்றி.

1542-இல் அமெரிக்காவிலிருந்து சில செடிகள் ஜெர்மன் தோட்டங்களுக்கு வந்துவிட்டிருந்தன. ஃபுக்ஸின் நூலில் மக்காச்சோளம், பூசணி வகைகள், மிளகாய் ஆகியவற்றுக்கு நல்ல படங்கள் இருக்கின்றன. ஆனால் அவை அமெரிக்கச் செடிகள் என்பது அவருக்குத் தெரியாது. மக்காச்சோளத்துக்கு அவர் கொடுத்த பெயர் துருக்கித் தானியம். கிரேக்கத்திலிருந்தும் துருக்கியர் ஆளும் ஆசியாவிலிருந்தும் ஜெர்மனிக்கு வந்தது என்பது அவர் தரும் காரணம். மிளகாயைப் ப்ளினி சொன்ன சிலிகுவாஸ்ட்ரம் என்ற செடியாகக் கருதிப் பழைய சட்டிக்குள் போட்டுவிட்டு, அதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்றாகக் கள்ளிக்கோட்டை மிளகு என்பதையும் தருகிறார்.

ஆம், நம் மேற்குக் கரையில் உள்ள அதே கள்ளிக்கோட்டைதான். வாஸ்கோ ட காமா 1498-இல் வந்திறங்கிய பகுதி; மிளகு என்றாலே ஐரோப்பியருக்கு நினைவுக்கு வந்த துறைமுகம். காரமாக ஒன்று கண்டால் அது அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்த மனிதர் விரலைப் பார்த்து ஒரு பெயர் வைத்தபோது நிலைத்தது. வரைபடத்தைப் பார்த்து ஏற்ற பெயர்கள் எல்லாம் பொய்த்தன. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒரே பேனாவால் எழுதியிருக்கிறார்.

ஜனவரி 24

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தி எனக்கே உறுத்துகிறது. அவரைக் கேலி செய்யும் முன் நம் சமையலறையைப் பார்த்திருக்க வேண்டும்.

மிளகாய் என்ற சொல்லே மிளகும் காயும் சேர்ந்தது. நாமும் புதிய காரத்தைப் பழைய காரத்தின் பெயரால்தான் அறிந்தோம். ஃபுக்ஸ் செய்ததும் வேறில்லை. மலையாளத்தில் கப்பல் முளகு என்றொரு பெயர் உண்டு. கப்பலில் வந்தது என்பதை அது மறைக்கவில்லை. இலங்கைத் தமிழில் கொச்சிக்காய் என்பார்கள். கள்ளிக்கோட்டைக்கும் கொச்சிக்கும் இடையே அதிகத் தூரமில்லை. ஜெர்மன்காரர் ஒரு துறைமுகத்தைப் பிடித்தார், ஈழத்தவர் அடுத்த துறைமுகத்தைப் பிடித்தார்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. இந்தப் பெயர்களைப் பொய் என்று நான் சொன்னது சரிதானா? கொச்சிக்காய் என்றவர் அது கொச்சியில் முளைத்த இனம் என்றா சொன்னார்? தம் கைக்கு வந்த வழியைச் சொன்னார். துருக்கித் தானியம் என்பதும் துருக்கியர் ஆண்ட நாடுகள் வழியாக வந்து சேர்ந்தது என்ற அளவில் ஒரு வழித்தடத்தின் குறிப்பாக இருக்கலாம். பிறந்த ஊரைக் கேட்பவனுக்குத்தான் அது பிழை. பொய்த்தன என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். வழிமாறின என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 30

ஒருவர் கேட்டதற்காக: டகெட்டஸ் என்ற பேரினப் பெயரும் ஃபுக்ஸின் நூலில் வந்ததே. டகெட்டஸ் இந்திகா என்று படம் போட்டு, ஜெர்மனில் இந்தியக் கிராம்பு என்ற பொருள்படும் பெயரையும் கொடுத்திருக்கிறார். உழுத சாலிலிருந்து எழுந்து வந்ததாகப் பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கர்கள் கதை சொன்ன டேஜஸ் என்ற தெய்வத்தின் பெயர் அதில் இருக்கிறது.

இதுவும் மெக்சிகோச் செடி. இந்தியாவுக்கும் இதற்கும் அன்று சம்பந்தமில்லை. நாம் இதை என்னவென்று அழைக்கிறோம்? துலுக்கசாமந்தி. துருக்கர் என்பதன் திரிபான துலுக்கர் என்ற சொல், அங்கே சோளத்தில் ஒட்டியதுபோல இங்கே பூவில் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர் இந்தியாவைக் கைகாட்ட, நாம் துருக்கியைக் கைகாட்ட, மெக்சிகோவை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. ஆயுதபூஜையன்று லாரியின் முகப்பில் தொங்கும் மாலையைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு இது நினைவுக்கு வரும்.

பிப்ரவரி 4

ஃபுக்சியா நிறம் என்று புடவைக் கடையில் சொல்கிறார்களே என்பது பற்றி.

படிப்பு முடிந்ததும் நான் காசநோய்ப் பிரிவு ஒன்றில் ஆய்வக உதவியாளனாக நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, அடியில் தீ காட்டி, ஆவி எழும்வரை சூடாக்க வேண்டும். பிறகு அமிலத்தால் கழுவி நீலச்சாயம் ஏற்றினால், நீலப் பின்னணியில் காசநோய்க் கிருமிகள் மட்டும் சிவந்த குச்சிகளாகத் தெரியும். என் வலக்கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் அந்த நான்கு ஆண்டுகளும் செந்நிறமாகவே இருந்தன. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் ஒருமுறையாவது என் கையைப் பார்ப்பார்.

அந்த ஃபுக்சின் சாயம் 1859-இல் பிரான்சின் லியோன் நகரில் வெர்கேன் என்ற வேதியியலாளர் கண்டது. அதன் நிறம் ஃபுக்சியா மலரை ஒத்திருந்தது. உரிமையை எடுத்துக்கொண்ட நிறுவனம் ரெனார்ட் சகோதரர்களுடையது. ரெனார்ட் என்றால் பிரெஞ்சில் நரி, ஜெர்மனில் ஃபுக்ஸ். ஜனவரி 10 அன்று நான் விரட்டிவிட்ட நரி இங்கே உண்மையாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆக, மருத்துவர் பெயர் மலருக்குப் போய், மலரின் பெயர் சாயத்துக்குப் போய், சாயம் மறுபடி மருத்துவத்துக்கு வந்தது. அந்தச் சிவப்பை நான் விரலில் சுமந்த காலத்தில் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பிப்ரவரி 11

ப்ளூமியே பெயர் சூட்டியது ஃபுக்ஸுக்கு மட்டுமல்ல. அந்தக் காலத்து ஜெர்மன் மருத்துவர்கள் பலரை அவர் கரீபியக் காடுகளில் நட்டுவிட்டுப் போனார். ஆட்டோ ப்ருன்ஃபெல்ஸின் பெயரில் ப்ருன்ஃபெல்சியா. ஆனால் எனக்கு வேண்டிய இருவர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஒன்று, காஞ்சொறி என்றும் செந்தட்டி என்றும் சொல்லப்படும் ட்ராகியா இன்வோலுக்ரேட்டா. ட்ராகியா என்ற பேரினப் பெயர் ஹிரோனிமஸ் பாக் என்பவரைக் குறிப்பது. பாக் என்றால் ஜெர்மனில் வெள்ளாட்டுக் கிடா, அதைக் கிரேக்கப்படுத்தி அவர் தம்மை ட்ராகஸ் என்று எழுதிக்கொண்டார். கல்லூரியில் செடி சேகரிக்க மலையடிவாரத்துக்குப் போனபோது இதன்மேல் கையூன்றி விழுந்து, மாலைவரை முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். பாக் தம் மூலிகை நூலை 1539-இல் படமில்லாமல் வெளியிட்டு, சொல்லாலேயே செடியைக் காட்ட முயன்றவர். சொல்லிலும் பார்க்காமல் படத்திலும் பார்க்காமல் தொட்டுத் தெரிந்துகொள்ளும் செடி அவர் பெயரில் இருப்பது ப்ளூமியேயின் குறும்பாக இருக்கக் கூடும் என்று எண்ணிக்கொள்கிறேன்.

மற்றொன்று நறுவிலி. கார்டியா டைகாட்டமா. கார்டியா என்பது யூரிசியஸ் கார்டஸ், அவர் மகன் வலேரியஸ் கார்டஸ் ஆகிய இருவரையும் நினைப்பது. மகன் 1544-இல் இத்தாலியப் பயணத்தில் ரோமில் நோயுற்று இறந்தபோது வயது 29. அவருடைய செடி விளக்கங்கள், பூவின் உள்ளுறுப்புவரை இறங்கிப் பார்த்த நுணுக்கத்தில், ஃபுக்ஸைவிடக் கூர்மையானவை என்பது என் கருத்து. சிறுவயதில் நறுவிலிப் பழத்தின் பசையால் நோட்டுப் புத்தகக் கிழிசலை ஒட்டியிருக்கிறேன். ஒட்டியது நன்றாகவே நின்றது.

பிப்ரவரி 12

நேற்றைய குறிப்பில் "ஃபுக்ஸைவிடக் கூர்மையானவை" என்றது அநியாயம் என்று ஒருவர் கடிந்திருக்கிறார். விளக்கத்தைப் பற்றித்தான் சொன்னேன். படத்தைப் பற்றி அல்ல. அதில் ஃபுக்ஸை அந்தத் தலைமுறையில் யாரும் மிஞ்சவில்லை. வேறு நூலாசிரியர்கள் அந்தப் படங்களைப் பல ஆண்டுகள் எடுத்தாண்டார்கள்.

அவர் அந்த நூலோடு நிற்கவும் இல்லை. மேலும் இரு மடங்கு செடிகளைச் சேர்த்து, 1,500-க்கும் மேற்பட்ட படங்களுடன் மூன்று பாகங்களாக எழுதி வந்தார். அவ்வளவு செலவை ஏற்க அச்சகத்தார் எவரும் அமையவில்லை. 1566-இல் அவர் இறந்தபோது அது கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. இப்போது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. தக்காளியும் புகையிலையும் அதில் உண்டு.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ஊட்டியில் வாங்கிய ஃபுக்சியா சமவெளிக்கு வந்த ஏழாவது வாரத்தில் மொட்டெல்லாம் உதிர்த்து, இப்போது குச்சியாக நிற்கிறதாம்.

குளிர்ந்த மலைக்காற்றில் வளரும் செடி அது. மாசி வெயிலே தாங்காது, பங்குனிக்கு மிஞ்சாது. மலைப்பக்கம் போகும் உறவினர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். தொட்டி காலியானதும் துலுக்கசாமந்தி விதையைத் தூவுங்கள். ஃபுக்ஸ் கண்ணால் பார்த்து, படம் போட்டு, தம் கையால் பெயர் எழுதிய செடி அதுதான். அரைக் கைப்பிடி விதை போதும், ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.